அடியில் ஓடும் சுரம்

உங்கள் வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கர் சிறியதென்றால், பேஸ் கிட்டாரின் கீழ்ச்சுரங்கள் அதில் வரவே வராது. அந்தக் கருவியின் தடித்த தந்தி, இ தந்தி, நொடிக்கு 41 முறை அதிர்கிறது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அவ்வளவு மெதுவான அதிர்வைக் காற்றில் எழுப்ப முடியாது. ஆனாலும் இளையராஜா பாட்டு ஓடும்போது அடியில் ஏதோ நடமாடுவது கேட்கிறது. 82, 123 என்று ஏறும் அந்தச் சுரத்தின் மடங்குகளில் உயர்ந்தவை மட்டும் ஸ்பீக்கரில் வந்துவிடுகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. பேஸ் வாசிக்க வருகிறவர் முதலில் பழக்க வேண்டியது இந்தத் தேடும் காதைத்தான்.

இளையராஜா குழுவில் பல்லாண்டு பேஸ் வாசித்தவர் சசிதரன். ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். பெயர் தெரியாமலே இவர்கள் வாசித்ததை முணுமுணுத்து வளர்ந்தவர்கள் நாம்.

ஆம்பூர் லுத்தரன் சபை, வேலூர் சி.எஸ்.ஐ. சபை என்று இந்தப் பக்கத்தில் பாடகர் குழுவில் நின்றவர்களுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் கிடைத்தது. பாமாலைப் பாட்டை நாலு குரலாகப் பிரிக்கும்போது, பேஸ் குரல்காரருக்கு மெட்டு கிடைக்காது. மேல்குரல்காரர்கள் மெட்டைப் பாட, நாம் கீழே வேறொரு பாதையில் நடக்க வேண்டும். பாட்டு முடியும் இடத்தில் பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கும்போது, மற்ற மூன்று குரல்களும் நம்மேல் வந்து அமர்வதை உடம்பே உணரும். ச, க, ப என்று மேலே ஒலிப்பது அதே மூன்று சுரங்கள்தான். அடியில் சட்ஜம் நின்றால் வீடு வந்த நிம்மதி. காந்தாரம் நின்றால் எங்கோ புறப்படத் துடிக்கிறது. பஞ்சமம் நின்றால் காத்திருக்கிறது. ஒரே ஒரு சுரம், பாட்டின் மனநிலையையே மாற்றிவிடுகிறது. எந்தக் கட்டையில் எந்த விரல் என்று வீடியோ பார்த்து வாசிக்கும் பிள்ளைகளுக்கு விரல் வேகமாக வருகிறது. இந்த வித்தியாசம் மட்டும் கேட்பதில்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம். வாயால் பாட வராத வரியைத் தந்தியில் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சுதிக்கு நான் பழகியது ஒரு தோல் ஷாப் மதிலோரம் நின்ற டிரான்ஸ்ஃபார்மரிடம். மதிலுக்கு உள்ளே பெரிய மர டிரம்கள் தோலைப் புரட்டிப் புரட்டிப் போடும் சத்தம். அதில் தாளம் உண்டு, சுதி இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரத்தில் சுதி உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. உள்ளிருக்கும் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நீண்டு சுருங்குவதால் 100 அதிர்வு. பேஸின் மெல்லிய தந்தியான ஜி, சரியாகச் சுதி சேர்ந்திருந்தால் 98. இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது, நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஒலி விம்மி அடங்கும். அந்த விம்மலைக் கேட்கத் தெரிந்துவிட்டால் சுதி சேர்க்க மெஷின் வேண்டாம். ஆம்ப்பில் எர்த் சரியில்லாதபோது வரும் இரைச்சலிலும் டிரான்ஸ்ஃபார்மர் சுரத்தின் கீழ் ஸ்தாயி இருக்கிறது. ரீங்காரத்தைச் சட்ஜமாக வைத்துப் பஞ்சமத்தையும் மத்திமத்தையும் பாடிப் பாருங்கள்.

இத்தனையும் கேட்கக் காது வேண்டும். திருவிழா பாக்ஸ் ஸ்பீக்கர் முன்னால் நிற்காதீர்கள்; மெஷின் ஓடும் இடத்தில் வேலை என்றால் காதை அடைத்துக்கொள்ளுங்கள். கெட்ட செவி திரும்பாது.

அடுத்து ஒரு பாட்டு வரும். பாடுகிறவரை விட்டுவிடுங்கள். பல்லவி தொடங்கும்போது அடியில் நிற்கும் சுரத்தைத் தேடி, வாயை மூடி மெல்ல முனகுங்கள். முட்டினால் அரைச்சுரம் இறங்கிப் பாருங்கள். சேர்ந்த இடத்தில் நெஞ்சுக்கூடு லேசாக அதிரும். சுரம் மாறும்வரை அங்கேயே நில்லுங்கள்.