பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?



இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் மலிவாகக் கிடைக்கிறதென்று நம் காலனி இளைஞர் சிலர் வாங்க விழைகின்றனர். மிகுதியாக ஓடியது மட்டுமே குற்றமாகாது. பேணாமல் ஓட்டியதே குற்றம். மீட்டரைத் திருப்பிவைப்பாரும் உளர். ஆதலின் முதலில் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாயின், அது எப்பொழுது மாற்றப்பட்டதென வினவுங்கள். ஓடுகையில் அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்துவிடும். கிளட்ச், பிரேக், டயர் ஆகியவற்றை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சிய ஆண்டுகளையும் எண்ணிப் பாருங்கள். வாங்கும் விலைக்கு அப்பால் பழுதுக்கெனத் தனிப் பணம் ஒதுக்க இயலாதவர், அக்காரைப் பார்த்து மகிழ்ந்து திரும்புவதே அறிவுடைமை. பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் பெறும் வேகம் இன்பந் தராது.