ரத்தாகாத கச்சேரி

1968 ஏப்ரல் 4 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவே அமெரிக்க நகரங்கள் பற்றி எரியத் தொடங்கின. கலவர நேரத்தில் அங்கே பல மேயர்களுக்கு ஊரடங்கு போடவும் கூட்டங்களைத் தடுக்கவும் அதிகாரம் உண்டு. சிகாகோ மேயர் டேலி, தீ வைப்பவர்களைக் கொல்லும்படி சுடச் சொன்னதாக அந்த மாதமே அறிவித்தார். கேட்கவே நெஞ்சு பதறுகிறது.

பாஸ்டனில் மேயர் கெவின் வைட் பதவியேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கிங் கொல்லப்பட்ட மறுநாள் இரவு அங்கே கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் கச்சேரி. ரத்து செய்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. மாநகராட்சி உறுப்பினர் டாம் அட்கின்ஸ் கூடாதென்றார். அவரும் கறுப்பினத்தவர். அரங்க வாசல்வரை வந்து ஏமாறும் இளைஞர் கூட்டம் என்ன செய்யும் என்ற கவலை அவருக்கு. மேயர் செவிசாய்த்தார். அந்தப் பணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கச்சேரி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. பலர் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். இளைஞர்கள் சிலர் மேடையில் ஏறியபோது, காவலர்களை விலகச் சொல்லிவிட்டுப் பிரவுனே அவர்களை அமைதிப்படுத்தினார். பாஸ்டன் அன்றிரவு பெருமளவு அமைதியாக இருந்தது. கச்சேரி முடிந்ததும் தொலைக்காட்சியில் அதையே மறுபடியும் ஒளிபரப்பினார்கள்.