பொடி டப்பாவையும் திருப்பிப் பாருங்கள்



வாரம் ஒரு ஊசி போட்டால் சர்க்கரையும் இறங்கும், எடையும் இறங்கும் என்கிறார்கள். "எல்லாம் கம்பெனிக்காரன் கட்டுற கதை சார்" என்கிறார் நம் ஆள். நான் அவரைக் கேலி செய்ய மாட்டேன். அவர் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

ரோசிகிளிட்டசோன் என்று ஒரு மாத்திரை. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சர்க்கரையைக் குறைத்தது, பொய்யில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டருக்கும் சந்தோஷம், நோயாளிக்கும் சந்தோஷம். 2007இல் ஸ்டீவன் நிசன் என்ற இதய மருத்துவர் 42 ஆய்வுகளின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 43 சதவீதம் கூடுதலாக இருந்தது! 2010இல் ஐரோப்பா விற்பனையை நிறுத்தியது, இந்தியா தடை விதித்தது. பிற்பாடு மறு ஆய்வு செய்த அமெரிக்கா, அபாயம் அந்த அளவுக்கு இல்லை என்று 2013இல் தான் விதித்திருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதையும் சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை சொல்வது மேடைக்கு அழகல்ல.

ஆனால் அந்தச் சந்தேகம் வீண்போகவில்லை, ஐயா. 2008இல் அமெரிக்க மருந்துத் துறை விதியை மாற்றியது: சர்க்கரை குறைந்தால் மட்டும் போதாது, இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்றும் காட்டு. அப்படிக் காட்டப்போன இடத்தில்தான் 2015இல் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை ஆச்சரியப்படுத்தியது. ஏற்கெனவே இதய நோய் உள்ள 7,000க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. மருந்து சாப்பிட்டவர்களிடையே இதய, ரத்தநாள நோய் மரணங்கள் 38 சதவீதம் குறைவு. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதும் அதே ஆய்வில் பதிவானது. நல்லதையும் கெட்டதையும் எண்ணிப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். மாத்திரை அட்டையோடு வருகிற காகிதத்தை விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பக்கவிளைவைப் பொடி எழுத்துவரை படிக்கிறார் நம் அண்ணாச்சி. அவரே சர்க்கரைக்கென்று வாங்கிய நாவல்கொட்டைப் பொடி டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை! எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை வருஷம் கவனித்தார்கள், கிட்னி என்ன ஆனது? கேட்டோமா? சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்த விளம்பரத்தை நம்பித்தானே, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறோம்?