வெளிநாட்டுப் பயணமும் மலேரியாவும்

(பொம்மனஹள்ளியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் நம்மில் அபூர்வம். முன்பு அமெரிக்கா, லண்டன், சிங்கப்பூர் என்றிருந்தது. இப்போது நைஜீரியா, கானா, உகாண்டா, தான்சானியாவிலும் நம்மவர்கள் வேலை பார்க்கிறார்கள். பெற்றோரும் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறார்கள். பெட்டியில் அப்பளமும் ஊறுகாயும் மறக்காமல் ஏறிவிடும். மலேரியாவின் நினைப்பு மட்டும் வராது. "பெங்களூரில் பார்க்காத கொசுவா?" என்பார்கள். ஆபத்து இந்த அலட்சியத்தில்தான் இருக்கிறது.

கொசுவுக்கும் பெங்களூருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1883இல் இங்கே பணியாற்றிய ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர், தம் ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டித் தண்ணீரில் கொசு உற்பத்தியாவதைப் பார்த்து அதைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. அவரே 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் மலேரியாக் கிருமியை அனோஃபிலிஸ் கொசுவின் வயிற்றில் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் விவாக்ஸ், ஃபால்சிபாரம் என்ற இரு வகை மலேரியாவும் உண்டு. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம்தான். அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர். அதில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்கப் பகுதியினர். அங்கேயே வளர்ந்த பெரியவர்களுக்கு நோய் பலமுறை வந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். நமக்கு அது கிடையாது.

ஆகவே டிக்கெட் வாங்கியதும் டாக்டரைப் பாருங்கள். நாட்டின் பெயர் மட்டும் போதாது, ஊரின் பெயரையும் சொல்லுங்கள். உயரத்தில் இருக்கும் அடிஸ் அபாபாவில் மலேரியா பயம் இல்லை. நைரோபியில் மிகக் குறைவு. அதே கென்யாவில் கடலோர மொம்பாசாவில் உண்டு.

தடுப்பு மாத்திரைகளில் மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று. கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளின் தினம் ஒன்று. ஓரிரு நாள் முன்பு தொடங்கினால் போதும். இரண்டையுமே ஊர் திரும்பிய பிறகு நான்கு வாரம் சாப்பிட வேண்டும். பலர் விமானத்தை விட்டு இறங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். அது கூடாது. வலிப்பு, மனநோய், இருதயக் கோளாறு இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லா மாத்திரையும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

எந்த மாத்திரையும் முழுக் காப்பு அல்ல. மலேரியாக் கொசு அந்தி முதல் விடியும் வரை கடிக்கும். சாயங்கால சந்தியாவந்தனத்தைத் திறந்த வராந்தாவில், வெற்று மேனியோடு செய்யாமல், வலையடித்த ஜன்னலுள்ள அறையில் செய்யுங்கள். முழுக்கை உடை, கொசு விரட்டும் களிம்பு, மருந்து தோய்த்த கொசுவலை மூன்றும் அவசியம்.

நைஜீரியா, கானா, உகாண்டா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தனி விஷயம். குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். 60 வயது தாண்டி முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குப் பக்கவிளைவு சற்று அதிகம் என்பதால், டாக்டரைக் கலந்துகொள்ளாமல் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது திரும்பி வந்த பிறகு. கடித்து ஏழு நாள் முதல் ஒரு மாதத்துக்குள் ஃபால்சிபாரம் காய்ச்சல் வரலாம். சில சமயம் மூன்று மாதம்கூட ஆகும். விவாக்ஸ் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து ஒரு வருஷம் கழித்தும் வெளிப்படும். நமக்கோ காய்ச்சல் என்றால் டெங்கு, வைரல் என்றுதான் தோன்றும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மூன்று நாள் பார்ப்போம். அந்த மூன்று நாள்தான் விலைமதிப்பற்றது. அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒருமுறை கிருமி தெரியாவிட்டால் மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் செய்யச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே செய்கிறார்கள்.

இலங்கையைப் பாருங்கள். 1934-35இல் அங்கே மலேரியா சுமார் 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. 1963இல் 17 பேருக்குத்தான் நோய் என்ற நிலைக்குக் கொண்டுவந்து, கவனம் தளர்ந்ததும் 1968-69இல் லட்சக்கணக்கில் திரும்ப வந்தது. விடாமல் பாடுபட்டு 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்று பெற்றார்கள். இன்று அவர்கள் கவலையெல்லாம் வெளிநாடு போய் வருபவர்களின் காய்ச்சலைப் பற்றித்தான். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலும் அனோஃபிலிஸ் வளரும். ஒருவர் கொண்டுவரும் கிருமி அக்கம்பக்கத்துக்கும் பரவக்கூடும்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். திரும்பி வந்த தேதியையும் போன நாட்டையும் ஒரு காகிதத்தில் எழுதி, உங்கள் மருந்துச் சீட்டுகளோடு ஒரு வருஷம் வைத்திருங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்கும் வரை காத்திராமல் அதை முதலில் நீட்டுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் அது இருக்கும் இடம் தெரியட்டும்.