குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸுக்கு எந்தச் சான்று?

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக் கூட்டத்தில் நர்ஸிங் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். ஆகவே பெண்பிள்ளை நர்ஸிங் படிக்கலாமா என்ற கேள்வியில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. எந்தப் படிப்புக்குக் காசு கட்டுவது என்பதுதான் இன்று பேச்சு.

குழந்தைகள் நர்ஸுக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்கிறீர்கள். உங்கள் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 உள்ளது என்றால் 3 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை மில்லிதான். சிரப் என்று நினைத்து டிராப்ஸை 6 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். வார்டில் இதைவிட வீரியமான மருந்துகள், ஊசி வழியே போகும். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு.

வலியும் அப்படித்தான். பச்சிளம் பிள்ளை "இங்கே வலிக்கிறது" என்று சொல்லாது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு வலியை அளக்கும் முறை இருக்கிறது. இதெல்லாம் உம்மாமாருக்குத் தானாக வரும் என்பார்கள். ஒரே இரவில் எட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது தானாக வராது, பயிற்சிதான் வரவேண்டும்.

இந்தத் திறன்கள் எல்லா நாட்டுப் பிள்ளைக்கும் பொது. ஆனால் சான்று பொது இல்லை. உலகம் முழுக்கச் செல்லும் ஒரே குழந்தைகள் நர்ஸ் சான்று என்று எதுவும் கிடையாது. பிரிட்டனில் பதிவேட்டிலேயே குழந்தைகள் நர்ஸ் தனிப்பிரிவு. முதலிலிருந்தே அதைப் படிக்கலாம். அமெரிக்காவில் பொது நர்ஸாகப் பதிவு செய்தபின், குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்துத் தனித் தேர்வு எழுதுவார்கள். நம் நாட்டில் மூன்று வருட ஜி.என்.எம். அல்லது நாலு வருட பி.எஸ்ஸி.யில் எல்லாம் கலந்து வரும்; அதன்பின்தான் பச்சிளங்குழந்தை நர்ஸிங்கில் ஒரு வருட டிப்ளமோ, அல்லது குழந்தை நல நர்ஸிங்கில் எம்.எஸ்ஸி. வளைகுடா நாடுகளில் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு. அதோடு, படித்த கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் நேரடியாக எழுதிக்கேட்டுச் சான்றிதழைச் சரிபார்ப்பார்கள்.

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். "ஆறு மாத சர்வதேசக் குழந்தைகள் நர்ஸ் டிப்ளமோ, துபாயில் வேலை" என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். வண்ணமயமான சான்றிதழ், ஹோலோகிராம்கூட இருக்கும். இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த படிப்பாக இல்லாவிட்டால், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு கிடையாது. பதிவு இல்லையென்றால் சரிபார்ப்பில் நிற்காது. இங்கேயும் சட்டப்படி நர்ஸ் இல்லை. நகையை அடகு வைத்துக் கட்டிய காசு போனது போனதுதான்.

குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சியான 'பால்ஸ்' போன்ற குறுகியகாலச் சான்றுகள் வேறு. அவை உண்மையானவை, வெளிநாட்டில் மதிப்புண்டு. ஆனால் அவை நர்ஸ் பட்டத்தின் மேல் வைப்பவை, பட்டத்துக்குப் பதில் அல்ல. 'பால்ஸ்' இரண்டு வருடத்தில் காலாவதியும் ஆகிவிடும். முதல் வருட மாணவிக்கு அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

அறக்கட்டளை நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் இது. ஜகாத் பணம் அமானிதம். விண்ணப்பத்தோடு கல்லூரியின் அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். கவுன்சில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பட்டம் முடித்து, குழந்தைகள் வார்டில் வேலை பார்த்துவரும் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒருவரையாவது அந்த ஒரு வருட டிப்ளமோவுக்கு அனுப்புங்கள். வளைகுடா போகட்டும், தடுக்கவில்லை. நம் மாவட்டத்துப் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கும் அந்தப் படிப்பு படித்தவர் வேண்டும்.

விண்ணப்பம் வைத்திருக்கும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் கல்லூரிக் காகிதங்களோடு என்னிடம் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். வஸ்ஸலாம்.