கல்கத்தா தந்த ஓட்ட வீரர்
(யூபிலி விளையாட்டு விழாவில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பரிசு வழங்குமுன் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறோம். நார்மன் பிரிச்சர்டு கல்கத்தாவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். சேசு சபைக் குருக்களின் புனித சவேரியார் கல்லூரி மாணவர். 1894 முதல் 1900 வரை ஏழு ஆண்டும் வங்காளத்தின் 100 கெஜ ஓட்டத்தில் அவரே முதல். 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்திலும், 200 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் இரண்டாம் இடம்! அவர் தங்கள் நாட்டவர் என்று ஆங்கிலேயர் வழக்காடுவதுண்டு. ஒலிம்பிக் சபையோ அவ்விரு வெள்ளிப் பதக்கங்களையும் இந்தியாவின் கணக்கில்தான் எழுதியிருக்கிறது. பின்னாளில் நார்மன் டிரெவர் என்ற பெயரில் அமெரிக்க ஊமைப் படங்களில் நடித்தார். அது வேறு கதை.

அவருக்குப்பின் தடகளத்தில் நம் நாட்டுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2021-இல், நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்தபோதுதான். 121 ஆண்டுகள்! பிள்ளைகளிடம் வேகம் இல்லாமலா? சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்குப் போய்வரும் பெற்றோரின் பிள்ளைகள் இன்று வெறுங்காலோடு கரிசல் மண்ணில் ஓடியதைப் பார்த்தீர்களே!

பிரிச்சர்டுக்குக் கல்லூரி மைதானம் இருந்தது. நம் கோவில் மைதானத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வருமானம் வரும், மறுக்கவில்லை. பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். பெற்றோர் அனைவரும் தவறாமல் வாருங்கள்.