தாய் போனால் குற்றம். தகப்பன் போனால் பெருமையா?



பிழைப்புக்காகக் கடல் கடந்து போகும் பெண்மக்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். ஓர் ஆண்பிள்ளை பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு அக்கரைச் சீமைக்குப் போனால், குடும்பத்துக்காகப் பாடுபடுகிறான் என்று ஊரார் மெச்சுகிறார்கள். ஒரு தாய் போனாலோ, பெற்ற பிள்ளையைத் தவிக்கவிட்டவள் என்று தூற்றுகிறார்கள். போன காரணம் ஒன்று. அனுப்பும் பணமும் ஒன்று. தீர்ப்பு மாத்திரம் இரண்டாயிருப்பானேன்?

இக்கேள்விக்கு யூகத்தினாலல்லாமல் நேர் விசாரணையினால் விடை தேடியவர் ராசெல் சலாசார் பரேன்யாஸ் என்னும் சமூகவியல் அறிஞர். பிலிப்பைன்ஸில் பிறந்து, அமெரிக்காவில் படித்துப் பேராசிரியையானவர். அவர் பிறந்த நாட்டில், 1974-ல் மார்க்கோஸ் ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் முதற்கொண்டு, ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதே சர்க்கார் கொள்கையாயிற்று. அப்படிப் போனவர்களில் ரோமாபுரியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வீட்டு வேலை செய்த பெண்களைக் கண்டு பேசி, 2001-ல் அம்மையார் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அதில் கண்ட சங்கதி என்ன? பணக்கார நாட்டுப் பெண் உத்தியோகத்துக்குப் போகிறாள். அவளுடைய அடுப்பையும் குழந்தையையும் பிலிப்பைன்ஸ் பெண் பார்க்கிறாள். இவளோ பல இடங்களில் கல்லூரிப் படிப்புப் படித்தவள்! இவளுடைய குழந்தையை, ஊரில் இவளைவிட ஏழையான மற்றொருத்தி சொற்பக் கூலிக்குப் பார்க்கிறாள். அடுப்பங்கரை ஒரு பெண் கையிலிருந்து இன்னொரு பெண் கைக்கு மாறிற்றேயொழிய, ஆண் கைக்கு வந்ததா? சுமையைத் தன்னைவிட எளியவள் தலைக்கு மாற்றிவிடுவது பெண் விடுதலையாகுமா?

2005-ல் வெளிவந்த மற்றொரு புத்தகத்துக்காக, அப்படி வளர்ந்த பிள்ளைகளையே அம்மையார் விசாரித்தார். தகப்பன் போன வீட்டில், பணம் வந்தால் அவன் கடமை தீர்ந்தது. தாய் போன வீட்டிலோ, பணமும் வரவேண்டும். டெலிபோன் வழியாக அவள் தாயாகவும் இருக்கவேண்டும். வீட்டோடிருந்த தகப்பனோ பெரும்பாலும் பிள்ளை வளர்க்கும் வேலையை ஏற்கவில்லை. அது மூத்த மகள் தலையிலும், பாட்டி, சித்தி, அத்தை தலையிலுமே விழுந்தது. பிள்ளைகள் ஏங்கினது மெய்தான். ஆனால் தாய் ஒருத்திதான் அன்பு காட்டவேண்டும் என்கிற கட்டுப்பாடே அந்த ஏக்கத்தை வளர்த்தது என்பதுதான் அவர் கண்ட முடிவு.

சர்க்கார்களின் யோக்கியதையையும் பாருங்கள்! 1988-ல் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி கோரசான் அக்கினோ, ஹாங்காங்கில் வேலை செய்த தம் நாட்டுப் பெண்களைப் புதிய வீரர்கள் என்று புகழ்ந்தார். 1995-லோ, அவருக்குப்பின் வந்த ராமோஸ், தாய்மார் வீட்டோடிருக்க வழி தேடவேண்டுமென்றார். பணம் வரும்போது வீராங்கனை. பிள்ளை அழும்போது குற்றவாளி! இலங்கையிலும் 2013-ல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாதென்று விதி வந்தது. பிற்பாடுதான் அது தளர்ந்தது. தகப்பனுக்கு அப்படியொரு விதி உண்டா?

தாய்மை இயற்கையாயிற்றே என்று சிலர் சொல்லுவார்கள். பெறுவது இயற்கை, ஒப்புக்கொள்ளுகிறோம். சோறு வடிப்பதும், தலை வாரிவிடுவதும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையண்டை கண் விழிப்பதும் கைப்பழக்கமேயன்றி வேறென்ன? தகப்பன் கைக்கு மாத்திரம் அது ஏன் வராது?

ஆகையால் தோழர்களே! உங்கள் தெருவில் எந்தத் தாயாவது வெளிநாடு போயிருந்தால், அவள் ஏன் போனாள் என்று கேட்பதற்கு முன், அவள் புருஷன் பிள்ளைக்கு இன்று என்ன சமைத்தான் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.